ரைசினா மேட்டில் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

டெல்லிக்கு வரும் நம்மூர்க்காரர்கள் மத்திய அரசின் செயலகக் கட்டடங்களான நார்த் பிளாக்கையும் சவுத் பிளாக்கையும் பார்ப்பது பெரும்பாலும் டூரிஸ்ட் வேன் ஜன்னல் வழியாகத்தான். "அதோ பார்லிமெண்ட், இதோ செக்ரடேரியட், நேரே ராஷ்டிரபதி பவன்" என்று டிரைவர் கையை நீட்டுவார். எல்லோரும் தலையைத் திருப்புவதற்குள் வண்டி இந்தியா கேட்டுக்குப் போய்விடும். அந்தக் கட்டடங்களை அப்படிப் பார்க்கவே கூடாது என்பது என் கட்சி. கிழக்கிலிருந்து மேற்காக நடந்து, சில இடங்களில் நின்று பார்க்க வேண்டும். எங்கே நிற்பது, நின்றால் எதைப் பார்ப்பது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மத்திய அரசின் கட்டுமானப் பிரிவு ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்பா மாயவரத்திலிருந்து டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சான்றிதழ்களோடு ரயிலேறி வந்து சவுத் பிளாக்கில் ஸ்டெனோவாகச் சேர்ந்தார். பழைய டெல்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதை இதேதான். எங்கள் வீட்டுச் சோற்றுக்கு அந்தக் கட்டடம்தான் காரணம் என்பதால் எனக்கு அதன்மேல் பிரியம் உண்டு. வெள்ளைக்காரன் தன் அதிகாரத்தைக் காட்டக் கட்டியது என்ற கோபமும் உண்டு. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அது முழுசாகப் புரிகிறது.

எப்போது போவது

அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை, அல்லது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை. பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் காலைப் பனிமூட்டம் எதையும் காட்டாது. போதாததற்கு ஜனவரியில் குடியரசு தின ஒத்திகைக்காகச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். மே, ஜூனில் பகலில் அந்த அகலமான சாலையில் நடப்பது உடம்புக்கு ஆகாது.

மெட்ரோவில் வந்தால் சென்ட்ரல் செக்ரடேரியட் நிலையத்தில் இறங்க வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். அந்த வட்டாரத்துக் குரங்குகள் அமைச்சர்களுக்கே அஞ்சாதவை, உங்களைச் சும்மா விடாது. வெயிலில் நடக்க வேண்டியிருக்கும், தண்ணீர் மட்டும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயிலிலிருந்து இறங்கியதும் கட்டடத்தைப் பார்த்து நடந்துவிடாமல், கர்தவ்யா பாதைக்கு வந்து கிழக்கே, இந்தியா கேட் பக்கம் திரும்பி, ஜன்பத் குறுக்கிடும் இடம்வரை போங்கள். இந்தப் பாதைதான் ஆங்கிலேயர் காலத்தில் கிங்ஸ்வே, பிறகு ராஜ்பத், 2022 செப்டம்பரிலிருந்து கர்தவ்யா பாதை. ஜன்பத் சந்திப்பில் வடக்கே தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. இந்தச் சந்திப்பைச் சுற்றி இதுபோல நான்கு கட்டடங்கள் வருவதாகத் திட்டம், கட்டப்பட்டது இது ஒன்றுதான். அங்கே மேற்கே திரும்பி நில்லுங்கள். நடை இங்கிருந்து தொடங்குகிறது.

நடப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

1911 டிசம்பர் 12 அன்று டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், தலைநகர் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறுகிறது என்று அறிவித்தார். மூன்றே நாளில், டிசம்பர் 15 அன்று, தர்பார் நடந்த வடக்கு டெல்லியிலேயே அடிக்கல்லும் நாட்டிவிட்டார்கள். பிறகு நிலத்தை ஆராய்ந்தபோது தெற்கே இருந்த ரைசினா மேடுதான் தோது என்று முடிவானது. ரைசினா, மால்சா போன்ற கிராமங்களின் நிலத்தை 1894-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்கீழ் எடுத்துக்கொண்டார்கள். மேட்டின் உச்சியை வெடிவைத்துத் தட்டையாக்கினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் அந்தச் சமமான மேடை இயற்கையில் இருந்தது கிடையாது. அங்கே ஏர் ஓட்டியவர்களின் கிராமங்களில் இப்போது மிச்சம் இருப்பது பெயர்கள் மட்டும்தான்.

கட்டும் பொறுப்பு இரண்டு பேருக்குப் போனது. வைஸ்ராய் மாளிகை, அதாவது இன்றைய ராஷ்டிரபதி பவன், எட்வின் லட்யன்ஸுக்கு. செயலகத்தின் இரண்டு பிளாக்குகளும் ஹெர்பர்ட் பேக்கருக்கு. லண்டனில் எர்னஸ்ட் ஜார்ஜ் என்பவரின் அலுவலகத்தில் இளவயதில் ஒன்றாகத் தொழில் பழகிய நண்பர்கள் இவர்கள். பேக்கர் அதற்குள் தென்னாப்பிரிக்காவில் பெயர் வாங்கிவிட்டார். பிரிட்டோரியாவில் ஒரு மேட்டின் சரிவில் அந்நாட்டு அரசுக்கு அவர் கட்டிய யூனியன் பில்டிங்ஸ் 1913-இல் முடிந்தது. ஒரே மாதிரியான இரண்டு சிறகுகள், ஆளுக்கொரு கோபுரம், நடுவே வளைந்து செல்லும் தூண் வரிசை, மேட்டின் உயரத்தையே கட்டடத்தின் கம்பீரமாக ஆக்கிக்கொண்ட அமைப்பு. அந்தப் படத்தை ஒருமுறை செல்போனில் பார்த்துவிட்டு ரைசினாவைப் பாருங்கள். எதிரெதிரே நிற்கும் இரட்டைப் பிளாக்கு என்ற யோசனை அவருக்கு எங்கே பழகியது என்று தெரிந்துவிடும்.

லட்யன்ஸின் முதல் எண்ணப்படி மேட்டின் உச்சியில் வைஸ்ராய் மாளிகை தனியாக நின்றிருக்கும், செயலகம் கீழே இருந்திருக்கும். பேக்கர் ஒப்புக்கொள்ளவில்லை. அரசனும் அரசாங்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்றார். செயலகமும் மேலே ஏறியது, மாளிகை மேற்கே பின்னுக்குத் தள்ளப்பட்டது. லட்யன்ஸ் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டார். அந்தக் கையெழுத்தின் விலை என்ன என்பதை உங்கள் கண்ணாலேயே இப்போது பார்க்கப் போகிறீர்கள்.

மாளிகை மறையும் இடம்

ஜன்பத் சந்திப்பிலிருந்து மேற்கே பார்த்தால் நடுவில் ராஷ்டிரபதி பவனின் குவிமாடம், அதன் கீழே தூண்களின் மேல்பகுதி, இரண்டு பக்கமும் செயலகத்தின் பிளாக்குகள். இப்போது நடக்கத் தொடங்குங்கள். கண்ணைக் குவிமாடத்தின் அடியிலேயே வைத்திருங்கள். மேட்டின் அடிவாரத்தில் இருக்கும் சதுக்கமான விஜய் சௌக் நெருங்க நெருங்க மாளிகை தரைக்குள் இறங்கும். முதலில் தூண்கள் போகும். பிறகு கூரை விளிம்பு. விஜய் சௌக்கில் நிற்கும்போது குவிமாடத்தின் மேல்பாதிதான் மிஞ்சும்.

என் தம்பி மகள் சென்னையில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். அவளை முதன்முதலாக அழைத்துப்போனபோது பேசிக்கொண்டே வந்தவள் அங்கே சட்டென்று நின்று, "பெரியப்பா, பில்டிங் எங்க போச்சு?" என்றாள். நான் சொல்லிக் கொடுக்காமல் அவளே கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம். நம்மூரில் சன்னதித் தெருவில் நடந்தால் கோபுரம் அடிக்கு அடி வளரும். இங்கே அருகே போகப் போகக் கட்டடம் சிறுக்கிறது.

காரணம் சரிவு. பேக்கருக்குத் தன் இரண்டு பிளாக்குகளுக்கும் நடுவே சமமான ஒரு முற்றம் தேவைப்பட்டது. முற்றம் சமமாக இருக்க வேண்டுமானால் ஏற்றம் முழுவதும் கிழக்கு முனையிலேயே முடிந்துவிட வேண்டும், ஆகவே சரிவு செங்குத்தாகிறது. லட்யன்ஸ் கேட்டது நீளமான, மெதுவான ஏற்றம். அது முற்றத்தை வெட்டிக்கொண்டு மாளிகைவரை போயிருக்கும். சரிவின் பாதிப்பு 1916 வாக்கில் அவருக்கு முழுசாக உறைத்தது. திருத்தச் சொல்லி மன்றாடினார், செலவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். பிறகும் பல வருடம் விடவில்லை. நண்பர்கள் இருவரும் பேசிக்கொள்ளாத நிலைக்குப் போனார்கள்.

இதில் என் தொழிலைச் சேர்ந்த ஒரு விஷயம் உண்டு. 1914-இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் வைக்கப்பட்ட படத்தில் மாளிகை முழுசாகத் தெரிந்தது. பார்ப்பவரின் கண் தரைக்கு மேலே உயரத்தில் இருப்பதாக வைத்து வரைந்த படம் அது. பெர்ஸ்பெக்டிவ், அதாவது கண்ணுக்குத் தெரிவது போன்ற படம், வரையும்போது முதலில் போடும் கோடு கண் மட்டம். அந்தக் கோட்டை மேலே ஏற்றினால் எந்த மேட்டையும் தாண்டிப் பார்த்துவிடலாம், காகிதத்தில். நடக்கிற மனுஷனின் கண் தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. இன்று அடுக்குமாடி விளம்பரங்களில் வருகிற பளபளப்பான படங்களையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்க வேண்டும்: இதைப் பார்க்கிற ஆள் எங்கே நிற்கிறான்?

நோட்டுப் புத்தகம் இருந்தால் விஜய் சௌக்கில் ஒரு ஓரமாக நின்று இதை வரைந்து பாருங்கள். தரைக்கு ஒரு கோடு, அதில் ஒரு ஏற்றம், ஏற்றத்துக்குப் பின்னால் சமதளம், சமதளத்தின் கடைசியில் மாளிகை. இனி உங்கள் கண்ணுக்கு ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து ஏற்றத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஒரு நேர்கோட்டை மாளிகைவரை இழுங்கள். கோட்டுக்குக் கீழே இருப்பது எதுவும் தெரியாது. கண் புள்ளியை ஏற்றத்துக்கு அருகே நகர்த்தி மறுபடி இழுத்தால் கோடு நிமிரும், மாளிகையில் இன்னும் உயரமான இடத்தில் போய் முட்டும். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இந்தப் படம் புரியும்.

என்னைக் கேட்டால், இந்தச் சரிவை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். வைஸ்ராயின் மாளிகை கீழேயிருந்து எந்நேரமும் மக்களை முறைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டியது. பேக்கரின் பிடிவாதத்தால் மறைந்தது. முன்னுக்கு வந்து நிற்பது ஃபைல் பார்க்கிற குமாஸ்தாக்களின் கட்டடம். அது எனக்கு ஒரு வகையில் நியாயமாகவே படுகிறது.

ஏறும்போது

காவலர்கள் விடுகிற நாளில் ஓரமாக நடந்து மேடேறலாம். சில நாட்களில் விஜய் சௌக்கோடு நிறுத்திவிடுவார்கள். வாக்குவாதம் வேண்டாம், திரும்பிவிட்டு வேறொரு நாள் போங்கள். ராஷ்டிரபதி பவன் சுற்றுப் பார்வைக்கோ, சனிக்கிழமைகளில் நடக்கும் காவலர் மாற்று நிகழ்ச்சிக்கோ இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டால் இந்தப் பகுதிக்குள் போக நிச்சயமான வழி கிடைக்கும்.

மேற்கே பார்த்து ஏறும்போது வலக்கைப் பக்கம் நார்த் பிளாக், இடக்கைப் பக்கம் சவுத் பிளாக். விட்ட இடத்திலிருந்து மாளிகை மறுபடி எழும்பும். குவிமாடம், கூரை விளிம்பு, தூண்கள் என்று மேலிருந்து கீழாக. அதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பக்கச் சுவர்களைக் கவனியுங்கள்.

அடித்தளம் முழுவதும் சிவப்பு மணற்கல், அதற்கு மேலே வெளிர் மஞ்சளும் க்ரீமும் கலந்த மணற்கல். ராஜஸ்தானின் தோல்பூர் பக்கத்துக் கல் இது. சிவப்பு முடிந்து வெளிர்நிறம் தொடங்கும் கோட்டை நீளத்துக்குத் தொடர்ந்து பாருங்கள். மாளிகையிலும் அதே மாதிரி சிவப்பு அடித்தளம். என் கண்ணுக்கு அந்தச் சிவப்பு, மேட்டின் பாறையே கொஞ்சம் எழும்பி வந்தது போலத் தெரியும். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேரின் கட்டடங்களையும் இணைத்து வைத்திருப்பது இந்த நிறம்தான். பிற்பகல் வெயில் சாய்ந்ததும் சிவப்பு கறுத்து, மேலே இருக்கும் வெளிர்நிறம் பொன்னாக மாறும். மூன்று மணிக்குக் கிளம்பச் சொன்னது அதற்காகவே.

எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் போய்க் கல்லைக் கிட்டத்தில் பாருங்கள். மணற்கல் என்பது மணல் ஏடு ஏடாகப் படிந்து இறுகியது. அந்த ஏடுகள் மெல்லிய வரிகளாகத் தெரியும். நல்ல கல்தச்சன் கல்லைச் சுவரில் வைக்கும்போது பூமியில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே படுக்க வைப்பான். வரிகள் கிடையாக இருக்கும், பாரம் அவற்றை இன்னும் இறுக்கும். நிமிர்த்தி வைத்தால் மழையும் உப்பும் ஏடுகளுக்கு நடுவே புகுந்து அப்பளம் அப்பளமாகப் பெயர்த்துவிடும். டெல்லியின் பழைய மணற்கல் கட்டடம் எதற்குப் போனாலும் இந்த வரிகளைத் தேடுவது என் வழக்கம். இரண்டு கல் சேரும் இடுக்கையும் பாருங்கள். நகம் நுழையாத சேர்மானத்தைச் செய்த கைகள் யாருடையவை என்று நினைத்துப் பார்க்க வேண்டிய இடம் அது. ராஜஸ்தானிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். ஆண்கள் கல் கொத்தினார்கள், பெண்கள் சாந்தும் கல்லும் சுமந்தார்கள். பொருள் கொண்டுவர இந்த வேலைக்கென்றே தற்காலிக ரயில் பாதை போட்டிருந்தார்கள். சவுத் பிளாக்கின் கட்டட ஒப்பந்தக்காரர் சோபா சிங் என்ற பெயர் பதிவில் இருக்கிறது. உளி பிடித்தவர்களின் பெயர்கள் அந்தக் கட்டடத்தில் எங்கும் கிடையாது.

வெயிலுக்கு எழுதிய பதில்

வைஸ்ராய் ஹார்டிங், கட்டடத்தில் இந்தியச் சாயல் வேண்டும் என்று வற்புறுத்தியவர். பேக்கர் செய்தது ஐரோப்பிய உடம்புக்கு இந்திய உறுப்புகளைப் பொருத்துவது. தூண் வரிசை, குவிமாடம், சமச்சீரான அமைப்பு எல்லாம் அங்கிருந்து வந்தவை. சத்ரி எனப்படும் குட்டி மண்டபங்கள், ஜாலி எனப்படும் துளை போட்ட கல் தட்டிகள், யானைகள், சஜ்ஜா ஆகியவை இங்கிருந்து.

இவற்றில் மற்றதை எல்லாம் ஒரு பார்வையில் முடித்துக்கொள்ளலாம். சஜ்ஜாவுக்கு மட்டும் நேரம் கொடுங்கள். சுவரின் மேலே வெளியே நீண்டு ஓடும் மெல்லிய கல் விளிம்பு. நம்மூர்க் கோயில் கொடுங்கைக்கு உறவுக்காரன், வீடு கட்டும் மேஸ்திரி சன்ஷேட் என்று சொல்வதன் பெரியண்ணன். டெல்லியில் ஜூன் மாத உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே, 85 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது சற்று நீண்ட விளிம்பு இருந்தாலே தெற்குச் சுவர் முழுவதும் நிழலுக்குள் வந்துவிடும். டிசம்பர் உச்சிவேளையில் சூரியன் 38 பாகைக்குத்தான் ஏறும். அதே விளிம்புக்குக் கீழாக வெயில் நுழைந்து சுவரையும் ஜன்னலையும் சூடாக்கும். கோடையில் தடுக்கிறது, குளிரில் விடுகிறது. மின்சாரம் கேட்காத வேலை.

இதைப் பார்க்க நார்த் பிளாக்கின் முற்றத்துப் பக்கம்தான் சரியான இடம், அது தெற்கே பார்த்தது. நிழல்கோடு சுவரில் எந்த உயரத்தில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எதிரே சவுத் பிளாக்கின் முற்றத்துப் பக்கத்தைப் பாருங்கள். அது வடக்கே பார்த்தது, குளிர்காலம் முழுக்க அந்த முகத்தில் வெயில் படாது. ஒரே வரைபடம், ஒரே கல், இரண்டு வேறு முகங்கள். படம் எடுக்கிறவர்கள் குளிர்காலத்தில் நார்த் பிளாக்கை எடுங்கள்.

இரண்டு பிளாக்குகளிலும் சிறகுகளின் முனையில் தூண் வைத்த திறந்த மண்டபங்கள் இருக்கின்றன. விஜய் சௌக்கிலிருந்து அவை நன்றாகத் தெரியும். காற்று வாங்க வசதியான இடம் என்றாலும் அவை கட்டப்பட்டது பார்வைக்காக. உள்ளேயிருந்து கிழக்கே பார்த்தால் இந்தியா கேட்வரை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஒரே நேர்க்கோடு. ஆள்கிறவன் எதையெல்லாம் கண்ணால் அளக்கலாம் என்பதற்காக வைத்த மேடை.

நார்த் பிளாக் வாசலில் ஒரு வாசகம்

நார்த் பிளாக்கின் பெரிய வாசலுக்கு மேலே ஆங்கிலத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சுதந்திரம் ஒரு மக்களிடம் தானாக இறங்கி வராது, மக்கள்தான் சுதந்திரத்துக்குத் தங்களை உயர்த்திக்கொள்ள வேண்டும், அனுபவிப்பதற்கு முன் சம்பாதித்துக்கொள்ள வேண்டிய பேறு அது என்பது அதன் சாரம். அடிமைப்படுத்தியவன் அடிமைக்குச் சொல்லும் உபதேசம். அதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கொதிப்பு இன்னும் கூடும். 1929 ஏப்ரல் 8 அன்று பக்கத்துக் கவுன்சில் கட்டடத்தில், அதாவது இன்றைய பழைய நாடாளுமன்றத்தில், பகத் சிங்கும் பட்டுகேஸ்வர் தத்தும் குண்டு வீசினார்கள். 1931 பிப்ரவரியில் வைஸ்ராய் இர்வின் புது டெல்லியைத் திறந்துவைத்தார். விழா முடிந்த சில நாட்களில், பிப்ரவரி 17 அன்று, காந்தி அதே வைஸ்ராய் மாளிகைக்குள் பேச்சுவார்த்தைக்கு நுழைந்தார். மார்ச் 5 அன்று காந்தி-இர்வின் ஒப்பந்தம். மார்ச் 23 அன்று பகத் சிங் தூக்கிலிடப்பட்டார். இத்தனையும் அந்த வாசகத்தின் கல் புதுசாக இருந்தபோது நடந்தவை. இருபது வருடம் கட்டி முடித்த தலைநகரத்தில் அவர்கள் இருந்தது அதன்பின் பதினாறு வருடம்தான்.

அந்தக் கல்லைப் பெயர்த்தெடுக்காமல் வைத்திருப்பது சரி என்பதுதான் என் எண்ணம். பள்ளிப் பிள்ளைகளை அங்கே நிறுத்தி இந்தத் தேதிகளோடு சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும்.

முற்றத்தில் நிற்கும் நான்கு தூண்களையும் தவறவிடாதீர்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய பிரிட்டிஷ் டொமினியன்கள், அதாவது பேரரசுக்குள் தன்னாட்சி பெற்ற நாடுகள், கொடுத்த பரிசு. அசோகர் தூண் சாயல், உச்சியில் உலக உருண்டைமேல் பாய் விரித்த வெண்கலக் கப்பல். டொமினியன் தகுதிகூட அப்போது இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைவில் வைத்து அண்ணாந்து பாருங்கள். அவற்றுக்குப் பின்னால், மாளிகையின் முன்முற்றத்தில் தெரியும் உயரமான தூண் ஜெய்ப்பூர் மகாராஜா மாதோ சிங் கொடுத்தது. 145 அடி, உச்சியில் வெண்கலத் தாமரையும் கண்ணாடி நட்சத்திரமும்.

உள்ளே

பொதுமக்கள் இஷ்டப்படி உள்ளே போக முடியாது. வேலை நிமித்தம் பலமுறை போனவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெளியே பார்க்கிற பிரம்மாண்டம் உள்ளே வேறு மாதிரி மாறிவிடும். ஒவ்வொரு பிளாக்கிலும் ஆயிரம் அறைகள் என்று சொல்வார்கள். உயரமான கூரை, அகலமான தாழ்வாரங்கள், நடுவே திறந்த முற்றங்கள். தாழ்வாரத்தில் வரிசையாக இரும்பு பீரோக்கள், தேநீர்க் கிளாஸ்களோடு நடக்கும் பையன்கள், கதவுக்கு கதவு பித்தளைப் பெயர்ப் பலகை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் திசை தெரியாது. முற்றத்தை எட்டிப் பார்த்து நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லி அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தார். சில குழு அறைகளின் கூரைகளிலும் குவிமாடங்களிலும் 1920-களின் கடைசியில் பம்பாய்க் கலைப்பள்ளியின் ஓவியர்கள் தீட்டிய ஓவியங்கள் உண்டு.

நார்த் பிளாக்கின் அடித்தளத்தில்தான் பட்ஜெட் அச்சகம் இருந்தது. 1950-இல் பட்ஜெட்டின் ஒரு பகுதி முன்கூட்டியே வெளியே கசிந்தது. அப்போது அச்சடித்தது ராஷ்டிரபதி பவனில். அதன்பின் மின்டோ ரோடு அச்சகத்துக்கு மாற்றி, 1980-இலிருந்து நார்த் பிளாக் அடித்தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய கடாயில் அல்வா கிண்டி எல்லோருக்கும் கொடுத்த பிறகு, அந்தப் பணியில் இருப்பவர்கள் பட்ஜெட் வாசிக்கும்வரை வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்குவார்கள். இந்தக் கட்டடத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இருக்கும் நெருக்கமான தொடர்பு நிதித்துறையில்தான். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று வாசித்தவர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், ப. சிதம்பரம், நிர்மலா சீதாராமன் என்று அந்த வரிசை நீள்கிறது.

இப்போது காட்சி மாறிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் கர்தவ்ய பவன் வளாகத்தின் முதல் கட்டடம் திறக்கப்பட்டது. அமைச்சகங்கள் அந்தப் புதிய கட்டடங்களுக்குப் போகத் தொடங்கிவிட்டன. இரண்டு பிளாக்குகளையும் தேசிய அருங்காட்சியகமாக மாற்றுவதுதான் திட்டம். மாறட்டும், மக்கள் உள்ளே போக வழி பிறக்குமானால் நல்லதே. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வேன்: கண்ணாடிப் பெட்டிக்குள் சிலைகளை வைக்கும் அவசரத்தில் ஒரு சாதாரண செக்‌ஷன் அறையையாவது மேசை, பீரோ, ஃபைல் கட்டுகளோடு அப்படியே விட்டுவைக்க வேண்டும். இந்த நாட்டை நடத்திய வேலை பெரும்பாலும் அந்த மாதிரி அறைகளில்தான் நடந்தது.

திரும்பும் வழி

சரிவில் இறங்கும்போது இடப்பக்கம், வடகிழக்கே, வட்டமான பழைய நாடாளுமன்றம் தெரியும். அதுவும் பேக்கரின் வேலைதான், 144 தூண்கள், 1927 ஜனவரி 18 அன்று திறக்கப்பட்டது. நேர்க்கோட்டில் இடம் கிடைக்காமல் அது ஏன் ஓரமாக நிற்கிறது என்று யோசியுங்கள். முதல் திட்டத்தில் அது கிடையவே கிடையாது. 1919-ஆம் ஆண்டு சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு உறுப்பினர்களுக்குச் சபை தேவைப்பட்டதால், மிச்சமிருந்த முக்கோண நிலத்தில் செருகினார்கள். நம்மவர்கள் பேசுகிற இடத்தைப் பற்றி வைஸ்ராய்களுக்கு முதலில் தோன்றவில்லை என்பதை அந்த இடமே சொல்கிறது.

ஜனவரி 29 மாலையில் டெல்லியில் இருந்தால், விஜய் சௌக்கில் குடியரசு தின விழாவை முடித்துவைக்கும் ராணுவ இசை நிகழ்ச்சியான பீட்டிங் ரிட்ரீட் நடக்கும். எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகங்கள் இரண்டு பிளாக்குகளின் மேடைகளில் வரிசையாக நிற்கும், இசை முடிந்ததும் கட்டடங்களில் விளக்கேற்றுவார்கள். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒத்திகைக்கும் டிக்கெட் உண்டு, அதையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு அரைநாள் கையில் இருந்தால் மெட்ரோவில் வடக்கே விதான் சபா நிலையத்துக்குப் போங்கள். ரைசினா தயாராகும்வரை அரசாங்கம் இயங்கிய பழைய செயலகம் அங்கே இருக்கிறது. 1912-இல் மாண்டேகு தாமஸ் வடிவமைத்துக் கட்டிய வெள்ளைக் கட்டடம், இன்று டெல்லி சட்டப்பேரவை. சாலையிலிருந்தே முகப்பைப் பார்க்கலாம். மேடு இல்லை, சரிவு இல்லை, சிவப்புக் கல் இல்லை. ரைசினாவைப் பார்த்த அதே வாரத்தில் இதையும் பார்த்துவிடுங்கள், நோட்டுப் புத்தகத்தில் இதற்கும் ஒரு பக்கவெட்டுப் படம் போட்டு, விஜய் சௌக்கில் வரைந்த படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.